அத்தைக்கு நாக்கு எரிகிறது, செருப்பு கழன்றது தெரியவில்லை: இது வயதா, சத்துக் குறைவா?

குடமுருட்டிக்கரை எழுதியது:

வணக்கம். திருவையாற்றுப் பக்கம் எங்கள் ஊர். என் மாமியாரைப் பற்றித்தான் கேட்க வேண்டும். அத்தைக்கு 74 வயது. சர்க்கரைக்குப் பத்துப் பன்னிரண்டு வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். நெஞ்செரிச்சலுக்குக் காலையில் வெறும் வயிற்றில் பேன்டோப்ரசோல் ஒன்று, அதுவும் வெகு காலமாக ஓடுகிறது. சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. மாமா தவறிய பிறகு சாப்பாடு ரொம்பச் சுருங்கிவிட்டது. மதியம் ரசம் சாதம், ஒரு அப்பளம். ராத்திரி இரண்டு இட்லி. பால் என்றால் காபிக்கு விடுகிற பாலோடு சரி. மோர் குடிக்கிறார், அதுவும் தண்ணீராக இருந்தால்தான் இறங்குகிறது.

தை மாதத்திலிருந்து சில மாற்றங்களைப் பார்க்கிறேன். வத்தக்குழம்பு என்றால் அத்தைக்கு உயிர். இப்போது சாதத்தில் விட்டால் "நாக்கு எரியுதும்மா" என்று ஒதுக்கி வைக்கிறார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். சொரசொரப்பே இல்லை, வழுவழுவென்று சிவந்து கிடக்கிறது. வெற்றிலை போடுகிறவர், அதனால் இருக்குமோ என்றும் தோன்றியது. பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது ஒரு கால் செருப்பு வழியிலேயே கழன்றிருக்கிறது, வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கொல்லைக் குழாயில் முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடுகிறார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால்தான் கழுவுகிறார்.

கதம்பம் தொடுப்பதில் எங்கள் தெருவில் அத்தை கைதான் கை. மருவும் மரிக்கொழுந்தும் இடையிடையே வைத்து, ஒரு பூ உதிராமல் இறுக்கிக் கட்டுவார். இப்போது நார் விரலில் நிற்கவில்லை என்று கூடையை என் பக்கம் தள்ளிவிடுகிறார். விரல் முட்டிகள் கறுத்துப் போயிருக்கின்றன. பால்காரர் வந்தாரா என்று அரை மணிக்குள் இரண்டு தடவை கேட்கிறார்.

உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள், "எழுபத்து நாலு வயசுல வேற எப்படி இருக்கும்?" கொழுந்தனார் மட்டும் ஒரு சத்து ஊசி போட்டால் தெம்பாகிவிடுவார் என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. வயதானவர்களுக்கு எந்தச் சத்து குறைந்தால் உடம்பில் எங்கே, எப்படித் தெரியும்? எந்தப் பரிசோதனை எடுக்க வேண்டும்? ஊசி போடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீடாமங்கலம் நர்ஸம்மா எழுதியது:

தங்கச்சி, நான் கிராம சுகாதார செவிலியராக நீடாமங்கலம், வலங்கைமான் பக்கத்துத் துணை சுகாதார நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை, அதனால் இன்ன நோய் என்று முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும். சீக்கிரமே அத்தைக்கு ரத்தம் எடுங்கள். அதுவரை எந்தச் சத்து ஊசியும் வேண்டாம். ஊசி போட்ட பிறகு பார்த்தால் ரத்தத்தில் பி12 என்கிற வைட்டமின் அளவு தாராளமாகக் காட்டும், உண்மையில் குறைவு இருந்ததா என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

பி12 என்று நான் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தச் சத்து பால், தயிர், முட்டை, மீன், கறி, ஈரல் இவற்றில்தான் உண்டு. கீரையிலோ பருப்பிலோ கிடையாது. பழைய சோற்றில் இருக்கிறது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். பழைய சோறு வயிற்றுக்கு நல்லதுதான், நானும் தினம் சாப்பிடுகிறேன், ஆனால் பி12-க்கு அதை நம்பி உட்கார முடியாது. ஒரு நாளைக்குத் தேவை இரண்டு, இரண்டரை மைக்ரோகிராம். நூறு மில்லி பாலில் சுமார் அரை மைக்ரோகிராம்தான் இருக்கும். காபிக்கு விடுகிற பாலும் தண்ணீர் மோரும் எந்த மூலைக்கு?

அது மட்டும் இல்லை. உணவிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்க வயிற்றில் அமிலம் வேண்டும். வயதானால் அமிலம் தானாகவே குறையும். பேன்டோப்ரசோல், ஒமிப்ரசோல் மாதிரி மாத்திரைகள் அதை இன்னும் குறைக்கும். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறைகிறது. ஆக, சைவம், வயது, நெஞ்செரிச்சல் மாத்திரை, சர்க்கரை மாத்திரை என்று நாலு வழியும் அத்தையிடம் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. ஈரலில் சில வருடங்களுக்கான கையிருப்பு இருக்கும் என்பதால் குறைவு சட்டென்று வெளியே வராது. அது தீர்ந்த பிறகு நீங்கள் எழுதின மாதிரிதான் ஒவ்வொன்றாக வரும்: வழுவழுப்பான சிவந்த நாக்கு, எரிச்சல், பாதத்தில் மரமரப்பு, செருப்பு போனது தெரியாமை, கண்ணை மூடினாலோ இருட்டிலோ தள்ளாட்டம், விரலில் பிடிமானம் விடுவது, முட்டிகளில் கறுப்பு, மறதி, எதிலும் பிடிப்பில்லாத சோர்வு. முட்டி கறுப்பதை வேலை செய்த கை என்று எல்லோரும் விட்டுவிடுகிறோம். நம் ஊர்க்காரர்களிடம் இது கவனிக்க வேண்டிய அடையாளம்.

சர்க்கரை நோயே கால் நரம்பைக் கெடுக்கும் என்பதும் உண்மை. அதனால்தான் பலருக்கு எல்லாப் பழியும் சர்க்கரை மேல் போய், பி12 பார்க்காமலே விட்டுப் போகிறது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சோர்வும் மறதியும் வரும். ஆகவே யூகம் வேண்டாம், ரத்தம் பார்க்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்துவிடாதீர்கள். அதில் சோகை சரியாகிற மாதிரித் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். பி12 குறைவாக இருந்தால் அதை முதலில் கொடுத்துவிட்டுத்தான் மற்றது.

வெற்றிலை பற்றிக் கேட்டீர்கள். நல்ல சந்தேகம்தான். காலையில் எழுந்து பல் விளக்கி, வெற்றிலை போடுவதற்கு முன்னால், வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து நாக்கைப் பாருங்கள். டியூப் லைட்டில் பார்க்காதீர்கள், அதில் எல்லா நாக்கும் ஒரே நிறம். வெற்றிலைச் சிவப்பு நடுநாக்கிலும் பல்லிலும் திட்டுத் திட்டாக நிற்கும், வாய் கொப்புளித்தால் வெளுக்கும். பி12 குறைந்த நாக்கு ஓரம், நுனி எல்லாம் சேர்ந்து மொட்டையாக இருக்கும். நாக்கின் மேல் இருக்க வேண்டிய சின்னச் சின்னப் பொடிப்புகளே காணோம். கொப்புளித்தாலும் மாறாது. இரும்புச்சத்து குறைந்தாலும் நாக்கு வழுவழுக்கும், ஆனால் வெளிறிப் போயிருக்கும். வாயின் இரண்டு ஓரமும் வெடித்துப் புண்ணானால் ரைபோஃப்ளேவின் என்கிற பி2, அல்லது இரும்பு குறைவாக இருக்கலாம். பல்செட் சரியாகப் பொருந்தாமல் எச்சில் ஒழுகினாலும் அதே இடத்தில்தான் புண் வரும், அதையும் பாருங்கள். பார்க்கிறபோதே கன்னத்தின் உள்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டோ, மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால் அது சத்துக் குறைவு விஷயம் இல்லை, உடனே பல் டாக்டரிடம் காட்ட வேண்டும். புகையிலை சேர்த்துப் போடுகிறவர் என்றால் இதில் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது.

மற்ற சத்துகளையும் கேட்டிருக்கிறீர்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சோகையை முகத்தில் தேடாதீர்கள். நம் நிறத்துக்கு முகம் காட்டிக் கொடுக்காது. கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள், உள்ளங்கை ரேகையைப் பாருங்கள். வெளிறியிருந்தால் ஹீமோகுளோபின் பார்த்தே ஆக வேண்டும். பெண்களுக்கு 12-க்குக் கீழ், ஆண்களுக்கு 13-க்குக் கீழ் போனால் அது சோகைதான், வயதானவர்களுக்குத் தனிக் கணக்கு கிடையாது. நகம் நடுவில் பள்ளமாகக் குழிந்து வந்தால் இரும்பு வெகு நாளாகக் குறைந்திருக்கலாம். நகத்தில் நெடுக்காகக் கோடு விழுவது மட்டும் வெறும் வயது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

வைட்டமின் டி குறைந்தால் தொடையிலும் இடுப்பிலும்தான் முதலில் தெரியும். வாசலில் கோலம் போட்டுவிட்டு எழும்போது கவனியுங்கள். முன்பெல்லாம் அப்படியே எழுந்தவர் இப்போது இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, உடம்பைத் தள்ளித் தள்ளி எழுகிறாரா? படி ஏறக் கைப்பிடியைத் தேடுகிறாரா? எலும்பை அழுத்தினால் வலி என்கிறாரா? தஞ்சாவூர் வெயிலில் டி குறையுமா என்று கேட்பார்கள். வெயில் வாசலில் அடிக்கிறது, பெரியவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்களே. வயதான தோல் அந்தச் சத்தை இளந்தோல் அளவுக்குத் தயாரிப்பதும் இல்லை. விடியற்காலை இளவெயிலில் அதற்கு வேண்டிய கதிர் மிகவும் குறைவு, பத்து மணிக்கு மேல்தான் நன்றாக இருக்கும். அதற்காகக் கத்திரி வெயிலில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடாதீர்கள்.

புரதக் குறைவை நான் தையல் டேப்பால் பார்ப்பேன். பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்து, பாதம் தரையில் படிந்திருக்க, கெண்டைக்காலின் பருத்த இடத்தில் டேப்பை இறுக்காமல் சுற்றுங்கள். 31 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் தசை கரைந்திருக்க வாய்ப்பு அதிகம். கால் வீங்கியிருந்தால் இந்த அளவை நம்பக் கூடாது. டேப் இல்லை என்றால் வளையலைப் பாருங்கள். மணிக்கட்டில் நின்ற வளையல் முழங்கை வரை ஏறுகிறது, ரவிக்கை தொளதொளக்கிறது, நெற்றிப்பொட்டு இரண்டு பக்கமும் குழி விழுந்திருக்கிறது என்றால் அது போதும். ஆறு மாதத்துக்குள் எடையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது அறுபது கிலோவில் மூன்று கிலோ, சொல்லாமல் கொள்ளாமல் இறங்கினால் டாக்டரிடம் போக அதுவே காரணம்.

சி வைட்டமின் குறைந்தால் ஈறில் ரத்தம் வரும் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். பல்லே இல்லாதவர்களுக்கு ஈறு அப்படிக் காட்டாது. அவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே மயிர்க்கால்களைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி, லேசாக இடித்தாலும் நீலம் பாய்வது, சின்னக் காயம் ஆறாமல் இழுப்பது, இப்படித்தான் தெரியும். கஞ்சியும் பிஸ்கட்டும் மட்டுமே சாப்பிடுகிற தனிக்கட்டை ஆண்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். பாதி நெல்லிக்காயைத் துருவி மோரில் போட்டால் பல் இல்லாதவர்களும் சாப்பிடலாம்.

பி1 என்கிற தயமின் பற்றியும் ஒரு வார்த்தை. தீட்டிய பச்சரிசியை மட்டுமே தின்றவர்களுக்கு பெரிபெரி வந்த காலம் ஒன்று இருந்தது. அதை ஆராய 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் தொடங்கினார். அதுதான் வளர்ந்து ஹைதராபாத்தில் இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலிருக்கும் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடும், அதனால் புழுங்கல் சாப்பிட்ட நம் பக்கத்தில் அந்த நோய் அதிகம் தலைகாட்டவில்லை. இன்றைக்கும் குடிப்பழக்கம் உள்ள பெரியவர்களுக்கு இது குறையும். கால் வீக்கம், மூச்சு வாங்குவது, அல்லது திடீரென்று குழப்பமாகப் பேசுவதும் பார்வை ஒரு நிலையில் நிற்காததும் நடை தடுமாறுவதுமாக வரும். அது வீட்டில் வைத்துப் பார்க்கிற சமாச்சாரம் இல்லை, உடனே ஆஸ்பத்திரி.

வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கையோ காலோ திடீரென்று விழுவது, பேச்சுக் குழறுவது வந்தால் சத்தா குறைவா என்று யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அத்தைக்கு எடுக்க வேண்டியவை: முழு ரத்த எண்ணிக்கை, அதில் எம்சிவி என்ற எண்ணைக் கேட்டுப் பாருங்கள், அது சிவப்பணுவின் அளவு. 100-க்கு மேல் போனால் பி12 அல்லது ஃபோலேட் (ஃபோலிக் அமிலச் சத்து) பக்கம், 80-க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் இரும்புப் பக்கம். அதோடு பி12, ஃபோலேட், இரும்புக் கையிருப்புக்கு ஃபெரிட்டின், வைட்டமின் டி, கால்சியம், தைராய்டுக்கு டிஎஸ்எச், சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின். எல்லாவற்றையும் ஒரே தடவை எடுக்கச் செலவு அதிகம் என்றால் ரத்த எண்ணிக்கை, பி12, டிஎஸ்எச் மூன்றையும் முதலில் எடுங்கள். டாக்டரிடம் போகும்போது அத்தை சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

பெரிய கடைத்தெரு எழுதியது:

கும்பகோணத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நர்ஸம்மா சொன்னதோடு மருந்து பற்றி மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்.

வைட்டமின் டி மாத்திரை, பொட்டலம் எல்லாம் 60,000 யூனிட் அளவில் வரும். அது வாரத்துக்கு ஒன்று, டாக்டர் சொன்ன வாரக் கணக்கு முடிந்ததும் நிறுத்த வேண்டும். இதை நான் அட்டையின் மேல் பேனாவால் "ஞாயிறு மட்டும்" என்று எழுதித்தான் கொடுக்கிறேன். ஏனென்றால் மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தினமும் போட்டுவிடுகிறார்கள். டி அளவுக்கு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். தாகம், மலச்சிக்கல், வாந்தி, குழப்பம், கடைசியில் சிறுநீரகம் வரைக்கும் போகும். தண்ணீரில் கரையும் வைட்டமின் மாதிரி இது சிறுநீரில் போய்விடாது, உடம்பிலேயே தங்கும்.

நரம்பு மாத்திரை என்று கேட்டு வாங்குகிறவற்றில் பலவற்றில் பி6-ம் கலந்திருக்கும். பி6-ஐ அதிக அளவில் மாதக்கணக்காகச் சாப்பிட்டால் அதுவே காலில் மரமரப்பைக் கொண்டுவரும். எந்த நோய்க்கு வாங்கினோமோ அதையே மருந்து தருகிற நிலைமை. டாக்டர் எழுதாமல் வருடக்கணக்கில் ஓட்டாதீர்கள்.

இரும்பு மாத்திரையைக் காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எதோடும் சேர்க்க வேண்டாம். எலுமிச்சைச் சாறோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதற்கும் இரும்பு, கால்சியத்துக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் சத்துக்காகத் திடீரென்று தினமும் கீரை என்று ஆரம்பிக்கக் கூடாது, கீரையிலுள்ள கே வைட்டமின் அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிட்டால் பிரச்சினை இல்லை.

ரேஷன் அரிசியில் வேறு மாதிரி இருக்கிற மணிகளைப் "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கி எறிகிறார்கள். தயவுசெய்து எறியாதீர்கள். அது இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் மாவில் கலந்து அரிசி மாதிரி அச்சில் வார்த்த மணி, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்தது. அப்படிக் கலந்த அரிசியில் பி12 கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம் அளவுதான், அதனால் உங்கள் அத்தைக்கு இருக்கிற மாதிரிக் குறைவை அது தீர்க்காது.

பாமணி ஆறு எழுதியது:

மன்னார்குடி பக்கம். என் அப்பாவுக்கு நடந்ததைச் சொன்னால் யாருக்காவது உதவும். அப்பாவுக்கு 70. குறுவை நடவுக்கு வரப்பில் நின்று ஆள் விடுகிறவர், திடீரென்று வரப்பிலேயே உட்கார ஆரம்பித்தார். நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. இன்னொன்று, மடியில் அரிசியைக் கட்டிக்கொண்டு வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தார். அம்மா அதைக் கெட்ட பழக்கம் என்று திட்டிக்கொண்டிருந்தார். பச்சை அரிசி, சாம்பல், சாக்பீஸ் மாதிரித் தின்னத் தோன்றுவது இரும்புக் குறைவின் அடையாளம் என்று டாக்டர்தான் சொன்னார். ஹீமோகுளோபின் 7.8 இருந்தது.

நாங்கள் கேட்டது இரும்பு டானிக். டாக்டர் கேட்டது வேறு: "இவ்வளவு ரத்தம் எங்கே போனது?" வயதான ஆணுக்கு இரும்பு குறைந்தால் சாப்பாட்டைக் குறை சொல்வதற்கு முன்னால் எங்கேயாவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். அப்பா முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கி டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டிருந்தார். மலம் தார் மாதிரிக் கறுப்பாக, ஒட்டுகிற மாதிரிப் போகிறது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, சங்கோஜம். என்டோஸ்கோப்பி பார்த்ததில் குடல்புண். அந்தப் புண்ணுக்கு மருந்து, வலி மாத்திரைக்கு முற்றுப்புள்ளி, அதற்குப் பிறகு இரும்பு மாத்திரை. இப்போது திரும்ப வயலுக்குப் போகிறார்.

செருப்பில்லாமல் சேற்றில் வேலை செய்தவர் என்பதால், குடலில் ரத்தம் உறிஞ்சுகிற கொக்கிப்புழுவுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். ஆகவே பெரியவர்களிடம் மலத்தின் நிறத்தைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், ஆனால் தார் மாதிரி ஒட்டாது, அந்த நாற்றமும் வராது.

நாகை உப்புக்காற்று எழுதியது:

அசைவம் சாப்பிடுகிற வீட்டுக்காரர்களுக்கு ஒரு வரி. எங்கள் அம்மாவுக்குப் பல் இல்லை, கறி மெல்ல முடியாது. மத்தி மீனைக் குழம்பில் வேக வைத்து முள் எடுத்துச் சோற்றோடு பிசைந்து கொடுக்கிறோம். அதில் டி, பி12, புரதம் மூன்றும் உண்டு, விலையும் குறைவு. நெத்திலியைப் பொடி செய்தால் முள்ளோடு போவதால் கால்சியமும் கிடைக்கும். கருவாடு என்றால் உப்பு அதிகம், பிரஷர் இருப்பவர்கள் பச்சை நெத்திலியாகவே சமைத்துக்கொள்ளுங்கள்.

குடமுருட்டிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ரத்தம் எடுத்தாயிற்று. ஹீமோகுளோபின் 10.4, எம்சிவி 109, பி12 118 என்று வந்திருக்கிறது, 200-க்குக் கீழே போனாலே குறைவு என்று தாளில் போட்டிருக்கிறது. வைட்டமின் டி 14, அதுவும் குறைவுதான். தைராய்டு, கிரியாட்டினின், ஃபெரிட்டின் சரியாக இருக்கின்றன. தஞ்சாவூரில் டாக்டர் பார்த்துவிட்டு பி12 ஊசியைத் தொடங்கிவிட்டார். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரம் ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று. டிக்கு வாரம் ஒரு மாத்திரை. நெஞ்செரிச்சல் மாத்திரை இனி தேவைதானா என்று பார்த்து மெல்லக் குறைக்கலாம் என்றார். கண்ணை மூடி நிற்கச் சொன்னபோது அத்தை சாய்ந்ததைப் பார்த்துவிட்டு, நல்ல வேளை இப்போதாவது வந்தீர்கள் என்றார்.

நர்ஸம்மா அக்கா, இரண்டு சந்தேகம். மெட்ஃபார்மினை நிறுத்திவிடலாமா என்று அத்தை கேட்கிறார். மரமரப்பு எப்போது போகும்? சாப்பாட்டை எப்படி மாற்றுவது என்றும் சொல்லுங்கள். எதைக் கொடுத்தாலும் போதும் என்கிறார்.

நீடாமங்கலம் நர்ஸம்மா எழுதியது:

மெட்ஃபார்மினைத் தானாக நிறுத்தவே கூடாது தங்கச்சி. சர்க்கரை ஏறினால் அது இதைவிடப் பெரிய தொல்லை. மாத்திரை தொடரட்டும், பி12-ஐ ஈடு கட்டுவோம், வருடம் ஒரு தடவை அளவு பார்ப்போம். மாற்ற வேண்டுமானால் டாக்டர் மாற்றுவார். நம் ஊர்களில் மக்களைத் தேடி மருத்துவம் மூலமாக வீட்டுக்கே சர்க்கரை மாத்திரை வாங்குகிற பெரியவர்கள் நிறைய. மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது என்பதால் ஆஸ்பத்திரிப் பக்கம் போவதே நின்றுவிடக் கூடாது. மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் நாக்கு எரிச்சல், கால் மரமரப்பு இருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுவார்.

நாக்கு எரிச்சல் சில வாரங்களிலேயே நன்றாகக் குறையும். ரத்தம் ஒன்றிரண்டு மாதத்தில் ஏறும். நரம்பு மெதுவாகத்தான் வரும், ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம். முழுக்கத் திரும்புமா என்பது எவ்வளவு நாளாகக் குறைந்து கிடந்தது என்பதைப் பொறுத்தது. முதல் ஊசிகளுக்குப் பிறகு தெம்பு வந்ததும் போதும் என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அத்தைக்கு இது ஆயுசுக்கும் தொடர வேண்டியிருக்கலாம். ஊசி முடிந்த பிறகு மாத்திரையாகவும் கொடுப்பார்கள், அளவு அதிகமாக இருந்தால் மாத்திரையும் வேலை செய்யும்.

சாப்பாட்டுக்கு வருவோம். "போதும்" என்பவரிடம் தட்டை நிறைக்காதீர்கள், சாப்பிடுகிற அதே ரசம் சாதத்துக்குள் சத்தை ஏற்றுங்கள். ரசத்தில் பருப்புத் தண்ணீரை விட்டுவிடாமல் வெந்த பருப்பையே கடைந்து விடுங்கள். இட்லிக்கு வெறும் தேங்காய்ச் சட்னிக்குப் பதில் பொட்டுக்கடலை தூக்கலாகப் போடுங்கள். மோரைத் தயிராக்குங்கள், நெஞ்சை அடைக்கிறது என்றால் கொஞ்சமாக, ஆனால் மூன்று வேளை. பத்து மணிக்குக் கேழ்வரகுக் கஞ்சியைப் பாலில் காய்ச்சிக் கொடுங்கள். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அத்தைக்குச் சர்க்கரை இருப்பதால் வெல்லம் வேண்டாம், உப்புப் போட்டு மோர் விட்டாலும் சரி. முருங்கைக்கீரையை ஆய்ந்து நிழலில் உலர்த்திப் பொடித்து வைத்துக்கொண்டால் சாதத்தில் ஒரு ஸ்பூன் பிசையலாம். சாதத்தை வடித்தால் அந்தக் கஞ்சியைக் கொட்டாதீர்கள், பி1 நிறைய அதில்தான் போகிறது. சாப்பிட்ட கையோடு காபி கொடுக்காதீர்கள், ஒரு மணி நேரமாவது போகட்டும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு, எந்த மாத்திரைச் சீட்டிலும் எழுத மாட்டார்கள். மாமா போன பிறகு சாப்பாடு சுருங்கியது என்று எழுதினீர்கள். தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற பெரியவர்களுக்குப் பசி செத்துப் போகிறது. மதியம் நீங்களும் பக்கத்தில் இலை போட்டு உட்காருங்கள். ஏகாதசி, சஷ்டி என்று வரிசையாக விரதம் இருப்பவர் என்றால் சர்க்கரை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு பட்டினி கிடக்க வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள், பாலும் பழமும் விரதத்துக்கு ஆகும்தானே. பல்லையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள், கடைவாய்ப் பல் இல்லாமல் பொரியலை ஒதுக்குகிறவர்களை நாம் வாய் பிடிக்காதவர் என்று நினைத்துவிடுகிறோம்.

நரம்பு தேறுகிற வரையில் விழாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. கொல்லைக்குப் போகிற வழியில் ராத்திரி விளக்கு எரியட்டும். முகம் கழுவ ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தபடி கழுவச் சொல்லுங்கள். ஹவாய் செருப்பை விட்டுவிட்டுப் பின்னால் வார் உள்ள செருப்பு வாங்குங்கள். மரத்த காலில் முள் குத்தினாலும் தெரியாது, அதனால் படுக்கப் போகும் முன் உள்ளங்காலைப் பார்த்துவிடுங்கள். அடுத்த ரத்தப் பரிசோதனை வந்ததும் எம்சிவி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று இங்கே எழுதுங்கள்.